சுருட்டைக் கீரையின் அடிப்பக்கம்

அம்மாசியின் பசு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செத்துப்போனது. முந்தின நாள் முழுக்கக் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தது. விடிந்தபோது மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகி உறைந்திருந்தது. ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்து மூன்றாவது வருடம் அது. சுங்கை லாலாங் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அப்போது மிஞ்சியிருந்தவை மூன்றே மாடுகள்.

அம்மாசி அழவில்லை. மாட்டின் வாயைத் திறந்து, கடைவாயில் ஒட்டியிருந்த பச்சை இலையை விரலால் வழித்தெடுத்துக்கொண்டு நேராகத் தொழிலாளர் குடியிருப்பின் மூன்றாம் லயத்துக்கு நடந்தார். அங்கே பிச்சையம்மாள் அடுப்பில் சட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பிச்சை, நீ ஆக்குற கீரையும் இதும் ஒண்ணுதான?"

பிச்சையம்மாள் அவர் உள்ளங்கையைப் பார்த்தாள். மென்று நைந்த இலைதான். ஆனால் விளிம்பு மடிந்திருந்த விதத்தில் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஒண்ணுதான் அண்ணே."

"ரெண்டு மாசமா மாட்ட அந்தக் கருகல் மேட்டுலதான் கட்டுறேன். வேற எங்க புல்லு இருக்கு? எல்லாத்துலயும் மரவள்ளிய நட்டுட்டானுங்க." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒன்மேல கொற சொல்ல வரலம்மா. தின்னாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

அவர் போன பிறகும் பிச்சையம்மாள் சட்டியை இறக்கவில்லை. அடுப்பிலிருந்த விறகை மட்டும் வெளியே இழுத்துவிட்டாள்.

அவளுக்கு முப்பது வயது. புருஷன் மலேரியாவில் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அதன்பிறகு அண்ணன் ராமையா வீட்டில்தான் இருந்தாள். ராமையாவை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் ரோடு போடுவதற்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து பதினான்கு பேர். லாரியில் ஏறும்போது அவன் சொன்னது ஒரே வார்த்தை: "அண்ணியப் பாத்துக்க." அண்ணி இராசாத்தி இப்போது உள்ளே பலகையில் கால்களை நீட்டிப் படுத்திருந்தாள். கால்கள் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

அரிசி கைப்பிடி கைப்பிடியாகத்தான் கிடைத்தது. மற்றபடி மரவள்ளிக் கிழங்கு. அதோடு கீரை என்று சொல்ல ஏதாவது வேண்டுமென்று எல்லோரும் காட்டுப் பெரணியின் குருத்தைப் பறிக்கத் தொடங்கினார்கள். மலாய்க்காரர்கள் அதைப் 'பாக்கு' என்றார்கள். வெற்றிலையோடு போடும் பாக்கோடு குழம்பியதால் லயத்துப் பெண்கள் அதற்குச் 'சுருட்டைக் கீரை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். குருத்து தலையைச் சுருட்டிக்கொண்டு எழும்புவதால் அந்தப் பெயர்.

முதலில் பிச்சையம்மாள் காட்டு ஓடைக்குப் போய்த்தான் பறித்தாள். ஒரு மணி நேர நடை. பிறகு, ரப்பர் பால்மரங்களை வெட்டி எரித்த மேட்டில், சாம்பல் மேல், சுருட்டைகள் ஆயிரக்கணக்கில் கிளம்பியதைக் கண்டாள். லயத்திலிருந்து பத்து நிமிடம். இரண்டு மாதமாக அங்கேதான் பறித்து வந்தாள். விறகு நனைந்த நாட்களில் அரைவேக்காடாகவே இறக்கியிருக்கிறாள்.

அன்று மத்தியானம் அவள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியை டாக்டரின் உதவியாளான டிரெசர் பரஞ்சோதி தனியாக நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளைக்கார டாக்டர் போன நாள் முதல் மருந்து வரவில்லை. அலமாரியில் சீசாக்களைவிடப் பல்லிகள் அதிகம். அவருக்குப் பிச்சையம்மாளைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். காதில் ஒரு பென்சிலைச் செருகியபடி அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"கால் வீக்கம் எல்லா லயத்துலயும் இருக்கும்மா. அரிசி இல்லாம கெழங்கே தின்னா வர்றது. கீரையால வந்துச்சுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாந்தான் கேக்குறேன். எனக்கும்தான் கால் வீங்குச்சு. அண்ணிக்கி எந்திரிக்கவே முடியல. அவுங்களுக்குத்தான் நான் நெறைய வச்சேன், டிரெசரய்யா. எனக்குக் கம்மியா எடுத்துக்கிட்டு."

பரஞ்சோதி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். வீக்கம் முற்றிப்போனவர்களின் பெயர்களை யோசித்துச் சொன்னார், ஆறு பேர். ஒவ்வொரு பெயருக்கும் அவர்கள் எங்கே கீரை பறிப்பார்கள் என்று அவள் சொன்னாள். ஐந்து வீட்டில் மேட்டுக் கீரை.

"ஓடைக்கிப் போறவங்க?"

"அவுங்களுக்கும் வீக்கம் இருக்கு. ஆனா காலையில பேர் கூப்புடுற பிரட்டுக்கு வந்து நிக்கிறாங்க."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "ரெண்டு எடத்துலேருந்தும் கொண்டா. குருத்து மட்டும் வேணாம். முழு எலையா, வேரோட."

மறுநாள் அவள் மண்வெட்டியோடு போனாள். மேட்டில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு செடியைத் தோண்டப் போனால் அது தனிச் செடியாக இல்லை. கரிய கயிறு போன்ற தண்டு ஒன்று மண்ணுக்கடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாக இலைகள் மேலே வந்திருந்தன. தீயில் மேலே எல்லாம் வெந்தும் இது மட்டும் தழைத்ததற்குக் காரணம் அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

காட்டு ஓடையில் வேறு மாதிரி. பெரிய மரங்களின் அடியில் வெளிச்சம் பச்சையாக வடிந்து இறங்கும் இடம் அது. கரையோரச் சேற்றில் சுருட்டைகள் புதர் புதராக நின்றன. ஒவ்வொரு புதருக்கும் முழங்கை நீளத்தில் கறுத்த அடிக்கட்டை. அதன் உச்சியிலிருந்து எல்லா இலைகளும் வட்டமாக விரிந்திருந்தன. இத்தனை நாள் இரண்டும் ஒரே செடி, மண் மாறியதால் உருவம் மாறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரி மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பார்க்கப் பார்க்க வித்தியாசம் கூடிக்கொண்டே போனது. மேட்டுக் குருத்து மூன்றாகப் பிரிந்து, மடக்கிய முஷ்டி போல, வெள்ளை மயிர் போர்த்தியிருந்தது. ஓடைக் குருத்து ஒற்றைச் சுருள். அடியில் மட்டும் பழுப்புச் செதில்கள்.

"இத மட்டும் சொல்லிக் கொடுத்தா போதாதா?" என்றார் பரஞ்சோதி.

"கிள்ளிக் கூடையில போட்டு, மயிரத் தேச்சுக் கழுவிட்டா எல்லாம் ஒண்ணுதான். அடையாளம் எலையில வேணும். பறிக்கிறதுக்கு முன்னாடி பாக்குற மாதிரி."

அவர் முற்றிய ஓடை இலை ஒன்றைத் திருப்பினார். அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புக் கோடுகள். "பூச்சி முட்டை. பாரு, எத்தன. இதுலயும் வெசம் இருக்கோ என்னமோ."

பிச்சையம்மாள் இலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓடை இலையின் கோடுகள் நடு நரம்புக்கு இருபுறமும் சாய்ந்து, மீன் முள் போல ஒரே ஒழுங்கில் இருந்தன. ஒவ்வொரு சிற்றிலையிலும் அப்படியே. மேட்டு இலையில் கோடே இல்லை. இலையின் ஓரம் மட்டும் உள்பக்கமாக மடிந்து, சேலைக்குக் கரை அடித்ததுபோலச் சுற்றிலும் ஓடியது. அந்த மடிப்புக்குள் பழுப்புத் தூள்.

"பூச்சி இல்லங்கய்யா."

"எப்படிச் சொல்ற?"

"இந்தா, எளசைப் பாருங்க. இதுலயும் கோடு இருக்கு, பச்சையா, மெல்லிசா ஒரு தோலுக்கு உள்ளாற. எலை முத்த முத்த இதும் முத்துது. பூச்சின்னா வெளியிலேருந்து வந்து வைக்கணும். இது எலையே வச்சது."

பரஞ்சோதி ஒரு கோட்டை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார். மலேரியா இரத்தம் பார்க்க டாக்டர் வைத்திருந்த பித்தளை நுண்ணோக்கி. கண்ணாடித் துண்டில் பழுப்புக் கோட்டைச் சுரண்டி வைத்துக் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"பிச்சையம்மா, வா, வந்து பாரு."

ஒரு கண்ணை மூடத் தெரியாமல் அவள் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். சின்னச் சின்ன உருண்டைப் பைகள். ஒவ்வொரு பையின் முதுகிலும் மரவட்டை சுருண்டு ஒட்டியதுபோல ஒரு பட்டை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈரம் காயக் காய, ஒரு மரவட்டை மெல்லப் பின்னால் வளைந்தது. பை கிழிந்தது. பட்டென்று அது பழையபடி மடங்கித் தெறிக்க, உள்ளேயிருந்த மணிகள் எல்லாத் திசையிலும் பறந்தன. அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வெதைக்கிது," என்றாள்.

"இதுக்குப் பூவே கெடையாதேம்மா. பூ இல்லாம வெத எப்படி?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா வெதைக்கிறதுதான் இது."

தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியார் அடுத்த பிரட்டில் சுருட்டைக் கீரையை யாரும் லயத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு போட்டார். பசு செத்த கதை அதற்குள் எல்லாக் காதுக்கும் போயிருந்தது. பெண்கள் முணுமுணுத்தார்கள். வேறு என்னத்தைத் தின்பது? பிச்சையம்மாள் வரிசையிலிருந்து முன்னால் வந்து இரண்டு இலைகளையும் தூக்கிப் பிடித்தாள். அவள் இதற்குமுன் பிரட்டில் வாய் திறந்ததே இல்லை.

"ஓரத்துல கரை அடிச்ச மாதிரி இருந்தா தொடாதீங்க. மீன் முள்ளு மாதிரி இருந்தா பறிங்க. தாய் எலையத் திருப்பிப் பாக்காம குருத்தக் கிள்ளாதீங்க. மேட்டுல இருக்கிறது பூராவும் கரை போட்டது. ரெண்டு மாசம் அதை நான்தான் எங்கண்ணிக்கிக் குடுத்தேன்."

அம்மாசி வந்து இரண்டு இலைகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுத்த ஆளிடம் கொடுத்தார். இலைகள் கைமாறி வரிசையின் கடைசிவரை போயின. கிராணியார் உத்தரவை மாற்றவில்லை. ஆனால் அதன்பிறகு ஓடைக் கீரையோடு வந்தவர்களை அவர் நிறுத்தவும் இல்லை.

இராசாத்தியின் கால் வீக்கத்துக்குத் தவிடு கிடைத்தால் நல்லது என்று பரஞ்சோதி சொன்னார். பழைய டாக்டர் சொன்ன பேச்சு அது. பக்கத்து ஊரான பெடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஜலீலுக்கு, வடக்கே பெண்டாங் ஊரிலிருந்த நெல் ஆலைக்காரர்களோடு பழக்கம் உண்டு. அங்கிருந்து தவிடு கொண்டுவருவார் என்று கேள்விப்பட்டுப் பிச்சையம்மாள் நடந்தே போனாள்.

"கோழிக்கிக் கொண்டாந்ததுலா தங்கச்சி. மனுசன் திம்பானா?"

"திம்பாங்க பாய். எங்கண்ணி திம்பாங்க."

ஜலீல் அவள் கால்களைப் பார்த்தார். அவளுடைய கணுக்காலும் வீங்கித்தான் இருந்தது. உள்ளே போய் ஒரு சாக்கில் பாதியைக் கட்டிக் கொடுத்தார். "தீந்ததும் வா. கோழிய நான் வேற எதையாச்சும் போட்டுப் பாத்துக்கிறேன்."

தவிட்டை வறுத்து வெல்லமில்லாமல் உருண்டை பிடித்துக் கொடுத்தாள். இராசாத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். மூன்றாம் வாரம் அவள் சுவரைப் பிடித்து எழுந்து வாசல்வரை வந்தாள்.

"அண்ணி, நாந்தான் அந்தக் கீரைய…" என்று பிச்சையம்மாள் ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சா குடுத்த?" என்றாள் இராசாத்தி. "பேச்ச விடு. அந்தச் செம்ப எடு, தண்ணி குடிக்கணும்."

பிச்சையம்மாள் மூலைக்குப் போய்ச் செம்பை எடுத்துவர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது.

அந்த வருடக் கடைசியில் காட்டுப் பாதையில் ஜப்பான் பட்டாளம் கூடாரம் போட்டது. அதன்பிறகு பெண்கள் ஓடைப் பக்கம் போக முடியவில்லை. கடைசியாகப் போன நாளில் பிச்சையம்மாள் நான்கு புதர்களைக் கட்டையோடு பெயர்த்து வந்தாள். சுமையை இறக்கி இறக்கி வந்து சேரவே அரை நாள் ஆயிற்று, மூன்று காய்ந்துபோயின. பிழைத்த ஒன்று ஒரு வீட்டுக்குக்கூடக் காணாது. முற்றிய இலைகளும் ஒரு கட்டு இருந்தன. அவற்றைத் தாளில் விரித்துக் காயவைத்தபோது பழுப்புத் தூள் கோலமாவு போல உதிர்ந்தது. கீரை விதை தூவுவதுபோல அதைப் பாத்தியில் தூவி, மண் போட்டு மூடி, தினமும் தண்ணீர் தெளித்தாள். ஒன்றும் முளைக்கவில்லை.

"பூ இல்லாதது வெதையும் இல்லாததுதான் போல," என்றார் பரஞ்சோதி.

அவளுக்குச் சரி என்று சொல்ல மனம் வரவில்லை. அவை தெறித்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து, இயந்திரம் ஓடாமல் கிடந்த ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கப் போனாள். அங்கே ஒரு செங்கல் கால்வாய் இருந்தது. குழாய் கசிந்து எப்போதும் ஈரமாக இருக்கும், வெயில் படாது. ஓடைக் கீரைக் கட்டுகளை அவள் அலசி உதறியது அந்தக் கால்வாயில்தான். செங்கல் மேல் பாசி படர்ந்திருந்தது. வழுக்குமென்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். ஒரு முழம் தேய்த்த பிறகுதான் கை நின்றது. பாசி அப்படி இருக்காது. விரல் நகத்தைவிடச் சின்ன இலைகள்; ஒவ்வொன்றும் வெற்றிலை வடிவத்தில், மேலே பிளந்து, செங்கல்லோடு ஒட்டிப் படுத்திருந்தன. அதில் ஒன்றின் பிளவிலிருந்து நூல்போல ஏதோ நிமிர்ந்து நின்றது. நுனியில் ஒரு சுருட்டை.

அவள் குந்தி உட்கார்ந்துவிட்டாள். நாரைக் கீழே போட்டாள். பிறகு உடைந்த ஒரு செங்கல்லை அப்படியே பெயர்த்து, ஈரத் துணி போர்த்தி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள்.

"இது பாசிம்மா," என்றார் பரஞ்சோதி.

"பாசிக்குச் சுருட்டை வருமா?"

அவர் அந்த நூலைப் பார்த்தார். மறுபடி பெட்டியைத் திறந்தார். குட்டி வெற்றிலை ஒன்றை ஒரு சொட்டு நீரில் மிதக்கவைத்து, கண்ணாடியின் கீழே தள்ளினார். முதலில் பச்சைக் கட்டங்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அதன் அடிப்பக்கத்திலிருந்த குமிழ் ஒன்று திறந்தது. சுருள் சுருளாக எதுவோ வெளியே வந்து, நீரில் திருகித் திருகி நீந்தியது. இரண்டு, ஐந்து, பிறகு எண்ண முடியவில்லை. எல்லாம் அந்தப் பிளவு இருந்த பக்கமாகவே போய்க்கொண்டிருந்தன.

அவர் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார். பத்து வருடமாக அந்தக் கண்ணாடியில் அவர் பார்த்தது நோயாளிகளின் இரத்தம் மட்டும்தான். அவருடைய முகம் கொஞ்சம் சிவந்திருந்தது.

"தூளு வெத இல்ல," என்றார் மெதுவாக. "தூளுலேருந்து மொதல்ல இந்த வெத்தில வருது. இந்த வெத்திலயிலதான் ஆணும் பொண்ணும் இருக்கு போல. தண்ணி இருந்தாத்தான் ஒண்ண ஒண்ணு போய்ச் சேர முடியும். அப்பறம்தான் செடி."

பிச்சையம்மாள் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அதான் ஓடையில மட்டும் இருக்கு. நான் மண்ணப் போட்டு மூடிட்டேன். மூடாம ஈரத்துல விட்டிருக்கணும்."

அன்று சாயங்காலம் இராசாத்தியிடம் சொன்னபோது அவள் மரவள்ளித் தோலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ஒரு செடிக்கி ரெண்டு பொறப்பா?"

"அப்படித்தான் அண்ணி. மொதப் பொறப்பு நகத்தளவு. அத யாரும் செடின்னே நெனைக்கிறதில்ல. நானே ஒரு மொழம் தேச்சு எறிஞ்சேன்."

"இனிமே தேய்க்காத," என்றாள் இராசாத்தி.

அவர்கள் உடைந்த செங்கற்களைப் பொறுக்கிக் கால்வாயோரம் நிழலில் அடுக்கினார்கள். இராசாத்தி உட்கார்ந்தபடியே அடுக்கினாள். பிழைத்த புதரின் முற்றிய இலைகளைச் செங்கல் மேல் தட்டி, தண்ணீர் நிற்காமலும் காயாமலும் பார்த்துக்கொண்டார்கள். ஏழாம் வாரம் செங்கற்கள் மேல் பச்சை படர்ந்தது. அம்மாசி தினமும் ஒருமுறை வந்து தென்னங்கீற்றை இழுத்து வெயிலை மறைத்துவிட்டுப் போவார். எல்லாச் செங்கல்லும் பலிக்கவில்லை. பாதியை நத்தை தின்றது. ஆனாலும் அடுத்த மழைக்குள் கால்வாய் நெடுக விரலளவுச் சுருட்டைகள் நின்றன. வேரோடு பிரித்து வீட்டுக்கு இரண்டு மூன்றாகக் கொடுத்தார்கள். ஜப்பான்காரன் போகிற நேரத்தில்தான் அவை பறிக்கிற அளவுக்கு வந்தன. அதற்காகப் பிச்சையம்மாள் வருத்தப்படவில்லை. அரிசி அப்போதும் சரியாக வரவில்லை.

சயாமுக்குப் போன பதினான்கு பேரில் ஐந்து பேர் திரும்பினார்கள். ராமையா நவம்பரில் வந்தான். சுங்கைப் பட்டாணியிலிருந்து நடந்தே வந்தவனை இராசாத்திக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவன் படியில் உட்கார்ந்து, அவள் எழுந்து தன்னிடம் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டில் கீரையைக் கண்டதும் தட்டைத் தள்ளிவைத்தான்.

"இது வேணாம் பிச்சை. அங்க காட்டுத் தழையத்தான் தின்னோம். இங்கேருந்து என்கூட லாரியில வந்த ராக்காயி மகன் எதையோ பறிச்சுத் தின்னுட்டு மூணு நாள்ல போயிட்டான். எது நல்லது, எது கெட்டதுன்னு எங்கள்ல ஒருத்தனுக்கும் தெரியல."

பிச்சையம்மாள் கீரையை எடுத்துவிட்டு, இருந்த சோறு முழுவதையும் அவன் தட்டில் போட்டாள். கீரையை அவளும் இராசாத்தியும் தின்றார்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காலையில் அவன் கால்வாயோரம் வந்து நின்றான். அவள் குருத்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெரிய இலையைத் திருப்பிப் பார்ப்பதை அவன் கவனித்தான்.

"என்னத்தப் பாக்குற?"

"இங்க திருப்பிப் பாக்க வேணாம்னுதான் சொல்லலாம். எல்லாம் நான் போட்டதுதான். பழக்கமாப் போச்சு."

அவன் கஷ்டப்பட்டுக் குந்தினான். "எனக்குக் காட்டு," என்றான்.

அவள் இலையை அவன் கையில் கொடுத்து, அடிப்பக்கத்தை மேலே திருப்பிவைத்தாள்.